நீலச் சாயமும் முட்டி ஜவ்வும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. எந்த ரிலீஸ்தான் சொன்ன தேதியில போயிருக்கு, அதை விடுங்க. இன்னிக்கு எழுதப் போறது சினிமா விமர்சனமும் இல்லை, மொக்கையும் இல்லை. நம்ம முட்டிக்குள்ள இருக்கிற சர்க்கரையைப் பத்தி. சுகர் வியாதி இல்லைங்க, அது வேற டிபார்ட்மென்ட்.

அடிக்கடி பேப்பர்ல ஒரு செய்தி வரும். "தேய்ந்த மூட்டு இனி மீண்டும் வளரும், விஞ்ஞானிகள் சாதனை". உடனே சொந்தக்காரங்க குரூப்ல நாலு பேர் ஃபார்வர்ட் பண்ணுவாங்க. இந்த மாதிரி யார் சொன்னாலும் நாம ரெண்டு கேள்வி கேட்கணும்ங்கிறது என் கட்சி. எதை அளந்தீங்க? அதை எதால வகுத்தீங்க? இந்த ரெண்டாவது கேள்வியை நோயாளிங்க கேட்கறது இல்லை, அது நியாயம்தான். ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கிறவங்களே சரியா கேட்கறது இல்லைங்கிறதுதான் என் புகார். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

கறிக்குழம்புல எலும்பு நுனியில வெள்ளையா, கடிச்சா கறுக்குனு ஒண்ணு இருக்குமே, அதான் குருத்தெலும்பு. "ஜவ்வு தேஞ்சிடுச்சு"ன்னு நம்ம ஊர் டாக்டரும் பக்கத்து வீட்டு மாமியும் சொல்றப்ப பெரும்பாலும் சொல்றது இதைத்தான். (மெனிஸ்கஸ்னு இன்னொரு ஜவ்வும் உள்ளே இருக்கு. அது இந்தப் பதிவுக்கு வேண்டாம்.) மனுஷ முட்டியில இது சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. உயிருள்ள செல்கள் மொத்தக் கன அளவுல ரெண்டு சதவீதம் தேறினா பெரிய விஷயம். மிச்சமெல்லாம் அந்தச் செல்கள் எப்பவோ கட்டி வெச்ச கட்டடம். வில்லியம் ஹண்டர்ங்கிற ஸ்காட்லாந்து டாக்டர் 1743லேயே லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல எழுதிட்டார், குருத்தெலும்பு ஒரு தடவை அழிஞ்சா திரும்ப வராதுன்னு. 280 வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் அவரை யாரும் முழுசா பொய்யாக்கல.

இந்தக் கட்டடத்துல என்ன இருக்குன்னு பார்த்தா, எடையில முக்கால்வாசி வெறும் தண்ணி. அப்புறம் கொலாஜன்கிற கயிறு வலை. அந்த வலைக்குள்ள அடைஞ்சு கிடக்கிறதுதான் நம்ம கதாநாயகன், அக்ரிகன். பாட்டில் கழுவற பிரஷ் மாதிரி இருக்கும். நடுவுல ஒரு புரதத் தண்டு, அதைச் சுத்தி சுமார் நூறு சர்க்கரைச் சங்கிலி முடி முடியா நீட்டிக்கிட்டு இருக்கும். பெரும்பாலும் காண்ட்ராய்டின் சல்ஃபேட், கொஞ்சம் கெரட்டான் சல்ஃபேட். இந்தச் சங்கிலி முழுக்க எதிர்மின் சுமை. அதனால சோடியத்தை இழுக்கும், சோடியத்துக்குப் பின்னாடியே தண்ணி வரும், எல்லாம் சேர்ந்து உப்பப் பார்க்கும். உப்ப விடாம கொலாஜன் வலை இறுக்கிப் பிடிச்சிருக்கும். ஊற வெச்ச கொண்டைக்கடலையை முளைகட்டறதுக்காக துணியில இறுக்கி முடிஞ்சு வெச்சா ஒரு விறைப்பு வருமே, அந்த விறைப்புதான் நீங்க மாடிப்படி இறங்கறப்ப எலும்போட எலும்பு உரசாம காப்பாத்துது. கடலை குறைஞ்சாலும் போச்சு, துணி கிழிஞ்சாலும் போச்சு.

இந்தச் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு மொத்தமா கிளைகோசமினோகிளைகன்னு பேரு. லேப்ல சுருக்கி "கேக்"னு சொல்றாங்க. எங்க பெரியம்மா பொண்ணு, ஐரோப்பாவுல ஒரு லேப்ல குருத்தெலும்பை மறுபடி வளர்க்கிற ஆராய்ச்சியில இருக்கா. ஒரு ஞாயித்துக்கிழமை காலங்காத்தால போன் பண்ணி, "டேய் தம்பி, கேக் அளக்கறதுக்கு ஒரு ஸ்க்ரிப்ட் எழுதிக் குடுடா. தட்டு தட்டா எக்செல் ஃபைல் வந்து குவியுது"ன்னு சொன்னப்ப, பேக்கரி ஏதும் ஆரம்பிச்சுட்டாளோன்னுதான் முதல்ல நினைச்சேன்.

அவ செய்யற வேலை இதுதான். முட்டி மாற்று ஆபரேஷன்ல வெட்டி எடுத்து ஒதுக்கற எலும்புத் துண்டுல மிச்சம் இருக்கிற குருத்தெலும்பை, நோயாளியோட சம்மதத்தோட வாங்கி, அதுல இருந்து செல்களைப் பிரிச்சு வளர்க்கறது. (நம்ம வேலூர் சி.எம்.சி.யிலும் இதே வழியில ஆராய்ச்சி நடந்து கட்டுரைகள் வந்திருக்கு.) மூணு நாலு வாரத்துல அந்தச் செல்கள் ஒரு சின்ன உருண்டையா சேர்ந்து தன்னைச் சுத்தி சர்க்கரையும் கொலாஜனும் கட்ட ஆரம்பிக்கும். எவ்வளவு கட்டியிருக்குன்னு தெரியணும். அதுக்கு உருண்டையை பப்பெயின்கிற என்சைம்ல போட்டு, 60 டிகிரிக்கு மேல ராத்திரி பூரா வெச்சுக் கரைக்கணும். பப்பெயின் எதுல இருந்து வருதுன்னு நினைக்கறீங்க? பப்பாளிக்காய்ப் பால்ல இருந்து. முத்தின ஆட்டுக்கறி வேகலைன்னா எங்க பாட்டி ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவாங்க. அதே டெக்னிக்தான், கூடவே ஒரு வெள்ளை கோட்டு.

கரைஞ்ச தண்ணியில ஒரு நீலச் சாயத்தை ஊத்தணும். டைமெத்தில் மெத்திலீன் புளூ. இந்தச் சாயத்தோட மூலக்கூறுக்கு நேர்மின் சுமை. சல்ஃபேட் இருக்கிற சர்க்கரைச் சங்கிலியைப் பார்த்ததும் ஓடிப் போய் வரிசையா ஒட்டிக்கும், சாமி ஊர்வலத்துல வடம் பிடிக்கிற மாதிரி நெருக்கியடிச்சு. அப்படி நெருங்கி நிக்கறப்ப அதோட நிறமே மாறி நீலம் ஊதாவாகிடும். 525 நானோமீட்டர் வெளிச்சத்தை எவ்வளவு விழுங்குதுன்னு மெஷின் படிச்சுச் சொல்லும். 1980கள்ல ஃபார்ண்டேல், பேரட் கூட்டாளிங்க இதை ஒழுங்குபடுத்திக் கட்டுரை போட்டாங்க. இன்னிக்கும் குருத்தெலும்பு லேப்ல பாதிப் பேர் தினமும் செய்யறது இதுதான். மலிவு, வேகம், 96 குழி தட்டுல ஒரே நேரத்துல முடிஞ்சிடும். நான் இந்த முறையைக் குறை சொல்ல வரலை. நாற்பது வருஷம் தாக்குப் பிடிச்ச எந்தக் கோடுக்கும் நான் மரியாதை குடுப்பேன்.

ஸ்க்ரிப்ட் எழுத உட்கார்ந்தேன். பைதான், நாற்பது வரி, அரை நாள் வேலைன்னு நினைப்பு. தட்டோட ஓரத்துல எவ்வளவு சர்க்கரை போட்டோம்னு நமக்கே தெரிஞ்ச ஏழெட்டுக் குழி இருக்கும். அதை வெச்சு ஒரு கோடு போட்டு, மத்த குழியோட நிறத்தை அந்தக் கோட்டுல பொருத்தி மைக்ரோகிராம் ஆக்கணும். இதுலயே முதல் வில்லங்கம். அந்தத் தெரிஞ்ச சர்க்கரை மனுஷனோடது இல்லை, சுறாவோட குருத்தெலும்புல இருந்தோ மாட்டு மூச்சுக்குழாய்ல இருந்தோ எடுத்து பாட்டில்ல விக்கறது. சுறாவோடதையும் மாட்டோடதையும் சாயம் ஒரே மாதிரி பார்க்காது, சல்ஃபேட் எத்தனை எங்கே இருக்குங்கிறதைப் பொறுத்தது. ரெண்டாவது, சாயமும் சர்க்கரையும் சேர்ந்தது கொஞ்ச நேரத்துல கட்டி கட்டியா கீழே படிய ஆரம்பிச்சிடும். தட்டை அஞ்சு நிமிஷம் லேட்டா மெஷின்ல வெச்சா வேற நம்பர். "டீ குடிக்கப் போயிட்டு வந்து படிச்சா அது என் டீயோட ரீடிங்"னு அக்கா சொல்லுவா.

இதெல்லாம் எந்த அளவீட்டுலயும் இருக்கிற தலைவலி, சமாளிச்சிடலாம். கடைசி வரிக்கு வந்தேன். "அக்கா, மைக்ரோகிராம் வந்தாச்சு. இதை எதால வகுக்கணும்?"னு கேட்டேன். போன்ல ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிச்சா. "அதுதான்டா எங்க எல்லாருக்கும் கேள்வி."

உருண்டையோட ஈர எடையால வகுக்கலாம். காய வெச்ச எடையால வகுக்கலாம். உள்ளே இருக்கிற டி.என்.ஏ.வால வகுக்கலாம், அதாவது ஒரு செல் எவ்வளவு சர்க்கரை செஞ்சிருக்குன்னு. கட்டுரைகள்ல அதிகம் வரது இந்தக் கடைசி வகை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒரு கணக்கு போடுவோம், நம்பர் நான் சும்மா வெச்சது. மனுஷ செல் ஒண்ணுல டி.என்.ஏ. 6 முதல் 7 பிக்கோகிராம், அப்ப பத்து லட்சம் செல்லுக்கு சுமார் 7 மைக்ரோகிராம். சாதாரண உருண்டையில 70 மைக்ரோகிராம் சர்க்கரை இருக்குன்னு வெச்சுக்கோங்க. 70 வகுத்தல் 7, பத்து. இப்ப ஒரு புது மருந்தை ஊத்தறோம். பாதி செல் செத்துப் போச்சு. டி.என்.ஏ. 3.5. சர்க்கரையும் குறைஞ்சு 56. வகுத்தா பதினாறு! செல்லுல பாதி காலி, சர்க்கரை இருபது சதவீதம் குறைவு, ஆனா கட்டுரையில "60 சதவீத முன்னேற்றம்"னு பார் சார்ட் நிமிர்ந்து நிக்கும். யாரும் பொய் சொல்லல. வகுத்தல் மட்டும்தான் நடந்திருக்கு.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசா என்ன? ஆயிரம் வரிக்கு எத்தனை பக் அப்படின்னு ஒரு அளவு வெச்சு அப்ரைசல் போட்ட மேனேஜர்களை நாம பார்த்ததில்லையா? பக் குறையலைன்னா என்ன, வரியை ஏத்து. காப்பி பேஸ்ட் பண்ணவனுக்கு ஸ்டார் பெர்ஃபார்மர் அவார்டு. அதே கதைதான் இங்கேயும், ஆள் மட்டும் செல்.

ஈர எடையால வகுத்தா மட்டும் வாழுதா? தேய்மானத்தோட ஆரம்பத்துல கொலாஜன் துணி அங்கங்க கிழிஞ்சு தளர்ந்து, உள்ளே தண்ணி கூடுதலா ஏறிக்கும். ஒரு துளி சர்க்கரை கூட வெளியே போகலைன்னாலும் எடை கூடினதால விகிதம் குறையும். சர்க்கரையே போயிடுச்சுன்னு நாம நினைச்சுப்போம். இன்னொரு விஷயம், வளர்ற உருண்டை தான் செஞ்ச சர்க்கரையில ஒரு பங்கைச் சுத்தியிருக்கிற ஊட்டத் திரவத்துலயே கசிய விட்டுடும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அந்தத் திரவத்தை மாத்தறப்ப அதைச் சாக்கடையில ஊத்திட்டா, செல் சோம்பேறியா இல்லை பை ஓட்டையான்னு கடைசி வரைக்கும் தெரியாது.

சாயத்துக்கு வருவோம். அது எதிர்மின் சுமையைத் தேடிப் போகுது, சரி. டி.என்.ஏ.வுக்கும் எதிர்மின் சுமைதானே? ஹயலுரோனிக் அமிலத்துக்கும்தானே? நிறைய லேப்ல செல்களை உட்கார வைக்கிற கூடே ஹயலுரோனிக் அமிலத்துலயோ ஆல்ஜினேட்லயோ செஞ்சதா இருக்கும். சாயம் அதுலயும் கொஞ்சம் ஒட்டிக்கும், மெஷின் அதையும் சர்க்கரைக் கணக்குல சேர்த்துடும். 2015ல ஸ்டான்ஃபோர்டின் ஸெங், லெவன்ஸ்டன் ரெண்டு பேரும் இதை நோண்டி ஒரு கட்டுரை போட்டாங்க. வழக்கமான பி.எச். 3 கரைசலை 1.5க்கு இறக்கி, ரெண்டு அலைநீளத்துல படிச்சுக் கழிச்சா இந்தப் போலி ரீடிங் வெகுவா குறையுதுன்னு. அந்த அமிலத்தன்மையில கார்பாக்சில் குழுக்கள் எல்லாம் சுமையை விட்டுட்டு அடங்கிடும், சல்ஃபேட் மட்டும் அடங்காது. (லெவன்ஸ்டன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியர். காலேஜ்ல மெக் பசங்களை நாம ஓட்டினதுக்கு இப்ப மன்னிப்பு கேட்டுக்கலாம்.) சர்க்கரை நிறைய இருக்கிற முதிர்ந்த குருத்தெலும்புல இந்தப் பிழை பெருசா தெரியாது. இப்பத்தான் வளர ஆரம்பிச்ச, சர்க்கரை குறைவா செல் அதிகமா இருக்கிற உருண்டையிலதான் உதைக்கும். அதாவது "வளர்ந்திடுச்சு"ன்னு சொல்ல எல்லாரும் துடிக்கிற அதே இடத்துல.

சாயம் பூசி மைக்ரோஸ்கோப்புல பார்க்கிற வழி ஒண்ணும் இருக்கு. சஃப்ரானின் ஓ, ஆரஞ்சு சிவப்பு. கட்டுரைக்குப் படம் அழகா வரும். ஆனா சர்க்கரை நிறைய கழண்டு போன இடத்துல இந்தச் சிவப்பு, மிச்சம் இருக்கிற சர்க்கரையைக் கூடக் காட்டாம போகலாம்னு 1988லேயே ஆன்டிபாடி வெச்சுக் காட்டியாச்சு. சிவப்பு இல்லைன்னா சர்க்கரை இல்லைன்னு அர்த்தம் இல்லை.

சரி, லேப் உருண்டையை விடுங்க, உயிரோட இருக்கிற மனுஷனோட முட்டியில எப்படி அளக்கறது? இங்கதான் எனக்கு ஆராய்ச்சியாளர்கள் மேல பரிதாபமே வருது. சிகிச்சை பண்ணி வளர்ந்த இடத்துல இருந்து சாம்பிள் எடுக்கணும்னா, கஷ்டப்பட்டு அடைச்ச ஓட்டையில மறுபடி ஓட்டை போடணும். 1994ல சுவீடன்ல பிரிட்பெர்க், பீட்டர்சன் குழு 23 பேருக்கு அவங்கவங்க குருத்தெலும்புச் செல்லையே லேப்ல பெருக்கித் திரும்ப முட்டியில வெச்சாங்க. இந்தத் துறையோட தொடக்கப் புள்ளின்னே சொல்லலாம். அதுல தொடை எலும்பு பக்கம் வெச்ச 15 சாம்பிள்ல 11, அசல் குருத்தெலும்பு மாதிரி தோற்றம் காட்டிச்சு. சில்லெலும்புல ஏழுல ஒண்ணுதான். "தோற்றம்"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. குச்சி மாதிரி ஒரு சின்னத் துண்டுல, கண்ணுக்கு எப்படித் தெரியுதுங்கிறதுதான் அங்க அளவு.

ஓட்டை போடாம அளக்க எம்.ஆர்.ஐ.ல சில தந்திரம் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு. எதிர்மின் சுமை உள்ள கடோலினியம் மருந்தை நரம்புல ஏத்தி, ஆளைப் பத்து நிமிஷம் நடக்க விட்டு, ஒண்ணரை மணி நேரம் உட்கார வெச்சுப் படம் எடுக்கறது. சர்க்கரையும் எதிர்மின், மருந்தும் எதிர்மின், அதனால சர்க்கரை இருக்கிற இடத்துக்குள்ள மருந்து நுழையாது. எங்கே நுழைஞ்சிருக்கோ அங்கே சர்க்கரை காலி. வராதவங்களை வெச்சு அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி. அருமையான ஐடியா. ஆனா அந்த வகை கடோலினியம் கொஞ்சம் உடம்புலயே, மூளையிலயும்கூட, தங்கிடுதுன்னு தெரிஞ்சு ஐரோப்பிய மருந்து அமைப்பு 2017ல நரம்புல ஏத்தறதை நிறுத்தி வெச்சது. நேரா மூட்டுக்குள்ள ஊசி போடறதுக்கு மட்டும் அனுமதி. மருந்தே இல்லாம சர்க்கரையோட ஹைட்ராக்சில் குழுவைப் படிக்கிற முறை 2008ல வந்துச்சு, அது ஒழுங்கா வேலை செய்ய 7 டெஸ்லா காந்தம் வேணும். நம்ம ஆஸ்பத்திரிகள்ல இருக்கிறது பெரும்பாலும் ஒண்ணரை, மிஞ்சினா மூணு.

அளவு சரியா இருந்தாலும் அது எதைச் சொல்லுதுங்கிறது தனிக் கதை. 2016ல டென்மார்க்ல ஒரு குழு, அணுகுண்டு சோதனைகளால காத்துல ஏறின கார்பன் 14ஐ வெச்சு 23 பேரோட முட்டிக் குருத்தெலும்புக்கு வயசு கண்டுபிடிச்சாங்க. உடம்பு வளர்ச்சி முடிஞ்ச பிறகு கொலாஜன் கிட்டத்தட்ட மாறுறதே இல்லை. பதினெட்டு இருபதுல என்ன இருந்துச்சோ அதுதான் கடைசி வரைக்கும், தேய்மானம் வந்தாலும். சர்க்கரை அப்படி இல்லை, மெதுவாவாவது போயிட்டு வரும். அப்ப சர்க்கரை கூடுச்சுங்கிறதுக்கு என்ன அர்த்தம்? கடலை வந்திருக்கு. துணி தைச்சாச்சான்னு அது சொல்லாது. 2019ல ஸ்ப்ரிஃபெர்மின்னு ஒரு மருந்தோட ரெண்டு வருஷ முடிவு வந்துச்சு, 549 பேர்ல. அதிக டோஸ் போட்டவங்களுக்கு மருந்தில்லா ஊசி போட்டவங்களை விடக் குருத்தெலும்பு 0.05 மில்லிமீட்டர் தடிமன் கூடியிருந்துச்சு. வலி? வித்தியாசம் இல்லை. அவங்க ரெண்டையும் ஒளிக்காம ஒரே கட்டுரையில போட்டாங்க பாருங்க, அதுக்கு ஒரு சல்யூட்.

இதெல்லாம் எனக்கு ஏன்னு கேட்கலாம். எங்கம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. தரையில உட்கார்ந்து காய் நறுக்கறதை விட்டு மூணு வருஷம் ஆச்சு. போன வருஷம் யாரோ சொன்னாங்கன்னு ஒரு கிளினிக்குக்கு அழைச்சுட்டுப் போனேன், எதுன்னு பேர் வேண்டாம். ஸ்டெம் செல் ஊசி, ஒரு லட்சத்துக்கு மேல, "ஜவ்வு புதுசா வளரும்மா"ன்னாங்க. சுவத்துல யாரோ ஒருத்தரோட முட்டி, ஊசிக்கு முன், ஊசிக்குப் பின்னு ரெண்டு எம்.ஆர்.ஐ. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பளிச். உத்துப் பார்த்தா ரெண்டும் முட்டியோட ஒரே வெட்டுத் தளமே இல்லை. "வளர்ந்துச்சுன்னு எதை அளந்து சொல்றீங்க?"ன்னு கேட்டேன். "சார், வலி இல்லைன்னு பேஷன்ட்டே சொல்றாங்களே"ன்னார் அங்கே இருந்தவர். 2006ல அமெரிக்காவுல குளுக்கோசமினும் காண்ட்ராய்டினும் குடுத்து 1,583 பேர்ல பார்த்தாங்க. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவங்கள்லயே 60 சதவீதம் பேருக்கு வலி அஞ்சுல ஒரு பங்காவது குறைஞ்சிருந்துச்சு. மொத்தமா பார்த்தா நிஜ மாத்திரை அதை விட மேலா நிக்கல. வலி அதிகமா இருந்த ஒரு சின்னப் பிரிவுல மட்டும் ரெண்டும் சேர்ந்தது கொஞ்சம் நல்லா தெரிஞ்சது. வலி குறையறது நல்ல விஷயம், எங்கம்மாவுக்குக் குறைஞ்சா நான் மாவு மாத்திரைக்குக் கோயில் கட்டுவேன். ஆனா அது ஜவ்வு வளர்ந்ததுக்குச் சாட்சி இல்லை. அனுமதி வாங்கின தயாரிப்புகள், ரத்த நோய்க்கான மஜ்ஜை மாற்று மாதிரி சிலது தவிர, மத்த ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் முறையான ஆராய்ச்சிக்குள்ளதான் நடக்கணும்னு 2017ல ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலே சொல்லுது. அம்மா வெளியே வந்து, "நீ கேட்ட கேள்விக்கு அந்தத் தம்பி முகமே சுருங்கிடுச்சு, பாவம்"னாங்க. எனக்கு ஒண்ணும் பாவமா தெரியல.

கிளினிக்காரங்க வானத்துல இருந்து குதிக்கல. அவங்க பிரசுரத்துல கீழே பொடி எழுத்துல ரெண்டு மூணு ஆராய்ச்சிக் கட்டுரை பேர் போட்டிருந்தாங்க. நான் போய் எடுத்துப் பார்த்தேன். எல்லாத்துலயும் அதே பார் சார்ட், அதே "சர்க்கரை வகுத்தல் டி.என்.ஏ.". மேல எத்தனை, கீழ எத்தனைன்னு தனித்தனியா எதுலயும் இல்லை. லேப்ல ஒரு வகுத்தல்ல மறைஞ்சது, நாலு கை மாறி, கடைசியில எங்கம்மா முன்னாடி ஒரு லட்ச ரூபாய் வாக்குறுதியா வந்து நிக்குது. அதனாலதான் இதை அவங்க ஏரியா சண்டைன்னு என்னால ஒதுங்கிப் போக முடியல.

நான் கேட்கறது ரொம்பப் பெருசா ஒண்ணும் இல்லை. விகிதத்தைப் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. கூடவே மேல இருக்கிற நம்பரையும் கீழ இருக்கிற நம்பரையும் தனியா குடுங்க. தட்டுல 96 குழியும் என்ன ரீடிங் வந்துச்சுங்கிற ஃபைல், எந்தப் பிராணியோட சர்க்கரையை வெச்சுக் கோடு போட்டீங்க, சாயத்தோட பி.எச். என்ன, சர்க்கரையே இல்லாத வெறும் கூட்டை அளந்தா என்ன வந்துச்சு, தூக்கி ஊத்தின திரவத்துல எவ்வளவு போச்சு. இதை எல்லாம் ஒரு சின்ன ஃபைல்ல கட்டுரையோட இணைச்சுட்டா, என்னை மாதிரி ஒரு வெளியாள் கூட ஞாயித்துக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து திரும்ப வகுத்துப் பார்க்கலாம். மெகாபைட் கூட வராது. நாம ஒரு வெட்டி ஆப்புக்கு லாக் எத்தனை ஜி.பி. சேர்த்து வெக்கிறோம்!

அக்கா உடனே ஒத்துக்கல. "உனக்கென்ன, உட்கார்ந்த இடத்துல பேசுவ. ஒரு நோயாளி கிட்ட இருந்து எனக்கு வர்ற துண்டு எவ்வளவு தெரியுமா? அதுல பாதி ஸ்டெயினிங்குக்கு, கால்வாசி ஜீனுக்கு, மிச்சத்துலதான் சர்க்கரை. ஈர எடை எடுக்கணும்னா அது தராசுல உட்கார்றதுக்குள்ள காஞ்சு போகுது. எல்லாத்தையும் எல்லாத்தாலயும் வகுக்க எனக்குத் திசு எங்கடா இருக்கு?" நியாயம்தான். மனுஷத் திசுவுல வயசு, மூட்டுல எந்த இடம், மேல் அடுக்கா கீழ் அடுக்கான்னு பார்த்தா ஒவ்வொண்ணுலயும் சர்க்கரையோட அளவும் வகையும் மாறும். சின்ன வயசுல சல்ஃபேட் நாலாவது இடத்துல அதிகம், வயசானா ஆறாவது இடம். இத்தனைக்கு நடுவுல ஒருத்தருக்கு இருக்கிறது அரிசி மணி அளவு துண்டு. புதுசா அளக்கச் சொன்னா அடிக்க வருவாங்க. நான் புதுசா அளக்கச் சொல்லலையே, அளந்ததை மறைக்காதீங்கன்னுதானே சொல்றேன். இதுக்கு அவ கிட்ட பதில் இல்லை, "எல்லாரும் இப்படித்தான் போடறாங்க"ங்கிறதைத் தவிர. கோடு ரிவ்யூவுல இந்தப் பதிலை நான் வாரத்துக்கு மூணு தடவை கேட்கறேன்.

இப்போதைக்கு ஸ்க்ரிப்டை மாத்திட்டேன். வகுத்தல் கடைசி வரியில மட்டும்தான். அதுக்கு முன்னாடி சர்க்கரை, டி.என்.ஏ., எடை, திரவத்துல கசிஞ்சது எல்லாம் தனித்தனி காலமா வந்து விழும். சர்க்கரை குறைஞ்சு விகிதம் மட்டும் ஏறின வரி சிவப்பாயிடும். போன வாரம் பழைய தட்டுகளை எல்லாம் அதுல ஓட்டிப் பார்த்தாளாம். "எத்தனை சிவப்பு?"ன்னு கேட்டேன். "பாஸ் கிட்ட பேசிட்டு அப்புறம் சொல்றேன்"னு போனை வெச்சுட்டா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். முட்டி வலிக்கு என்ன சாப்பிடலாம்னு பின்னூட்டத்துல கேட்காதீங்க. அம்மா இப்ப பிசியோதெரபிஸ்ட் சொன்ன தொடை எக்சர்சைஸ் பண்றாங்க, சீரியல் விளம்பர இடைவேளையில மட்டும். லேப்ல இருக்கிற பதிவர்கள் யாராவது இதுல நான் விட்டதைச் சொன்னா நல்லாயிருக்கும், முக்கியமா காய்ஞ்ச எடை விஷயத்துல.